உலகம்மாளுக்குப் பழையது

நவம்பர் 3, திங்கள்

இன்று காலை உலகம்மாள் என்னோடு பேசினாள்.

“அத்தான், காப்பி ஆறுது” என்றாள். நான் திரும்பிப் பார்த்தேன். பின்னால் யாரும் இல்லை. வேலைக்கு வரும் பேச்சியம்மாள், பேரனுக்குக் காது குத்து என்று விடுப்பில் இருக்கிறாள். இந்த வீட்டில் அத்தான் என்று அழைக்கத் தகுந்த ஆள் நான் ஒருவன்தான். ஆகவே காப்பியை எடுத்துக் குடித்தேன். சர்க்கரை இரண்டு முறை போடப்பட்டிருந்தது. குறை சொல்லவில்லை.

சார்பதிவாளராக இருந்து ஓய்வு பெற்றவனுக்கு, சம்பந்தப்பட்டவர்களின் விவரம் இல்லாமல் எதையும் எழுதினால் கை கூசும். என் மனைவி உலகம்மாள், ஓய்வு பெற்ற புவியியல் ஆசிரியை, என் தாய்மாமன் மகள். எங்கள் மகள் சங்கரிக்கு மூத்த பையன் பிறந்த வருஷம் என்னோடு பேசுவதை நிறுத்தினாள். அந்தப் பையனுக்கு இப்போது மீசை அரும்பிவிட்டது.

பேசாததால் குடும்பம் நின்றுவிடவில்லை. பேச்சியம்மாள் இருக்கும் நேரத்தில் அவள் வழியாகச் சேதி வரும். “பேச்சி, ஐயாட்ட சொல்லு, முருங்கைக்கா வேணும்.” ஐயா இரண்டடி தூரத்தில் உட்கார்ந்திருப்பேன். பேச்சி அதைத் திரும்பச் சொல்ல மாட்டாள். என்னை ஒரு பார்வை பார்ப்பாள், அவ்வளவுதான். அவள் இல்லாத நேரத்துக்கு ‘யாராவது’ என்று ஒருவரை வைத்திருந்தோம். “இந்த வீட்டுல யாராவது கேஸுக்குச் சொன்னா தேவல.” நான் பேப்பரைப் பார்த்து, “சொல்லியாச்சு” என்பேன். பாகப்பிரிவினைக்கு வரும் அண்ணன் தம்பிகள் பத்திர எழுத்தர் வழியாகப் பேசிக்கொள்வதை வேலைக்காலம் முழுக்கப் பார்த்தவன் என்பதால், எனக்கு இது சிரமமாக இல்லை.

கோபத்துக்குக் காரணம் என்ன என்பதை இங்கே எழுதவில்லை.

நவம்பர் 5, புதன்

இன்றும் பேசினாள். மழை வருமா என்று கேட்டாள். நான் பழக்கதோஷத்தில் பேப்பரைப் பார்த்து, “வரும்னுதான் போட்டிருக்கான்” என்றேன்.

“நான் இங்கல்லா இருக்கேன்” என்றாள்.

மழை வரவில்லை. நல்ல நாள்.

நவம்பர் 9, ஞாயிறு

மைசூரிலிருந்து சங்கரி வந்திருக்கிறாள். தொலைபேசியில் அம்மா ஒரே சங்கதியை ஒரே அழைப்பில் மூன்று தடவை சொன்னாளாம், அதனால் வந்தாளாம். வந்த இடத்தில் குளிர்பெட்டிக்குள் என் மூக்குக்கண்ணாடி இருந்ததையும், கேஸ் அடுப்பு ஏற்றப்படாமல் அதன் மேல் குக்கர் காத்திருந்ததையும் பார்த்தாள். நானும் இவற்றைப் பார்த்துத்தான் இருந்தேன். கண்ணாடி குளிர்ச்சியாக இருப்பது கண்ணுக்கு நல்லது என்று விட்டுவிட்டேன்.

“ஏம்ப்பா எங்கிட்ட சொல்லல?” என்றாள்.

“அம்மா நல்லா பேசிக்கிட்டு இருக்கா” என்றேன்.

“யார்கூட?”

“எல்லார்கூடயும்.”

சங்கரி என்னைச் சற்று நேரம் பார்த்தாள். பிறகு மருத்துவரிடம் மறுநாளுக்கு நேரம் வாங்கினாள்.

நவம்பர் 10, திங்கள்

மருத்துவர் இளம் வயதுக்காரர். உலகம்மாளிடம் இன்று என்ன கிழமை, இது எந்த மாடி, நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழித்துக்கொண்டே வாருங்கள் என்றெல்லாம் கேட்டார். கிழமையைத் தவறாகச் சொன்னாள். மாடியைச் சொல்லவில்லை. கழித்தலில் பாதி வழியில் நின்றுகொண்டு, “மங்கோலியாவுக்குத் தலைநகரம் எது தம்பி?” என்றாள். மருத்துவருக்குத் தெரியவில்லை. “உலான் பாத்தர். இதக்கூட தெரியாம என்னைக் கேள்வி கேக்கீங்க” என்றாள். அவர் எதையோ குறித்துக்கொண்டார். மங்கோலியாவைக் குறித்திருக்க மாட்டார்.

ஆரம்ப நிலை மறதி என்றார். ரத்தத்தில் ஒரு வைட்டமின் மிகக் குறைவாக இருக்கிறது, அதற்கு வாரம் ஒரு ஊசி. அதனால் மட்டும் வந்ததா, வேறும் உண்டா என்பது போகப் போகத்தான் தெரியும். நடை, தூக்கம், பேச்சுத்துணை வேண்டும்.

“பேச்சுத்துணைக்கு நான் இருக்கேன்” என்றேன். சங்கரி தரையைப் பார்த்தாள்.

நவம்பர் 12, புதன்

சங்கரி உணவு ஆய்வுக்கூடத்தில் நுண்ணுயிர்களைப் பற்றி ஆராய்கிறவள். ஊருக்குப் புறப்படுவதற்கு முன் என்னை உட்கார வைத்து வகுப்பு எடுத்தாள். சாரம் இது: சோற்றில் தண்ணீர் ஊற்றி ராத்திரி முழுக்க வைத்தால் அது நொதிக்கும். நொதிக்கும்போது நுண்ணுயிர்கள் சில பொருட்களை உண்டாக்கும். அவை வயிற்றுக்குப் போய், அங்கிருந்து மூளைக்கு நல்லது செய்யக்கூடும்.

“வயித்துலேருந்து மூளைக்கு எப்படிப் போகும்?”

“நேராப் போகாதுப்பா. நடுவுல ஒரு நரம்பு இருக்கு. அது வழியா சேதி சொல்லும்.”

பேச்சியம்மாள் மாதிரி என்று புரிந்துகொண்டேன்.

எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்திருக்கிறார்களாம். சிக்கலான வழிகள் உள்ள பெட்டியில் விட்டால், நொதித்த உணவு தின்ற எலிகள் வழி மறக்காமல் வந்துவிட்டனவாம். மனிதர்களுக்கு?

“மனுசங்ககிட்ட இன்னும் சரியா நிரூபிக்கலப்பா. கெடுதல் ஒண்ணும் இல்ல, குடுங்க. ஆனா ஊசிய விட்றாதீங்க. அதுதான் முக்கியம்.”

இவளைப் படிக்க வைத்ததற்கு இப்படி ஒரு நேர்மையான பதில் கிடைத்தது. ஜங்ஷன் பக்கத்தில் புதிதாகத் திறந்திருக்கும் ஓட்டலில் இதே பழையதை மண்சட்டியில் வைத்து, மேலே ஒரு கறிவேப்பிலையைச் செருகி, ‘மூளைக்கு அமுதம்’ என்று பலகை எழுதியிருக்கிறார்கள். அவர்கள் எலியைக்கூடக் கேட்கவில்லை.

தினமும் அம்மாவின் நிலையைப் பற்றி இரண்டு வரி தனக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறாள். அது வேறு. இந்த நாட்குறிப்பு வேறு.

நவம்பர் 13, வியாழன்

முதல் சட்டி. ஈ எறும்பு அண்டக்கூடாதே என்று குளிர்பெட்டியில் வைத்துவிட்டேன். காலையில் அது வெறும் குளிர்ந்த சோறாக இருந்தது. தொலைபேசியில் சங்கரி, “அப்பா, அதுகளும் உயிருதான். குளிருல எப்படி வேல செய்யும்?” என்றாள். அரசு ஊழியனுக்குப் புரியும்படி சொன்னாள்.

நவம்பர் 14, வெள்ளி

இரண்டாம் சட்டி. சிவப்பரிசிச் சோறு, மூழ்கத் தண்ணீர், மெல்லிய துணியால் வாய் கட்டி அடுப்படித் திட்டில். காலையில் துணியை விலக்கினால் இலேசான புளிப்பு வாசம். சின்னச் சின்னக் குமிழ்கள். கை விட்டுப் பிசைந்து, மோர் சேர்த்து, உப்பும் சின்ன வெங்காயமும் போட்டு வைத்தேன்.

உலகம்மாள் எட்டிப் பார்த்தாள். “இது என்னது?”

“பழையது.”

“பழையது திங்கதுக்கா நான் பி.எட். படிச்சேன்?”

அவளுடைய அப்பா, என் மாமா, தலைமையாசிரியர். அந்த வீட்டில் காலையில் இட்லி அவிப்பது ஒரு கொள்கை. பழையது தின்ற தலைமுறையிலிருந்து தப்பித்து வந்ததற்கு அத்தாட்சி. கடைசியில், “சங்கரி சொன்னது. மூளைக்கு நல்லதாம்” என்றேன்.

“யார் மூளைக்கு?”

“ரெண்டு பேருக்கும்.”

“அப்ப நீங்களும் தின்னுங்க.”

தின்றேன். நன்றாக இருந்தது. அவளும் பாதி தின்றாள். ஊசி போட்டாயிற்று.

நவம்பர் 18, செவ்வாய்

சாயங்காலம் நடக்கப் போகிறோம். மைதானத்தைச் சுற்றிவிட்டு, கல்பெஞ்சில் உட்கார்ந்து பேசுகிறோம். அவள் பள்ளிக்கூடத்தில் நடந்ததை எல்லாம் சொல்கிறாள். சங்கரியின் பையன் பிறந்த பிறகு நடந்தவை எதுவும் எனக்குத் தெரியாது. பணி ஓய்வு விழாவில் என்ன பேசினாள் என்பதை இன்றுதான் கேட்டேன். நானும் அந்த விழாவுக்குப் போயிருந்தேன், ஆனால் கடைசி வரிசையில் உட்கார்ந்ததால் ஒலிபெருக்கி எட்டவில்லை.

அவளுக்குக் கிண்டல் இவ்வளவு வரும் என்பதை மறந்திருந்தேன்.

சங்கரிக்கு அனுப்பியது: “பழையது சாப்பிட்டாள். நடந்தாள். மனநிலை நன்று.” யாருடைய மனநிலை என்று குறிப்பிடவில்லை.

நவம்பர் 25, செவ்வாய்

முன்னேற்றம். பால்காரர் வராததைத் தானாகக் கவனித்தாள். பேச்சியின் பேரன் பெயரைச் சொல்லி, காது புண் ஆறிவிட்டதா என்று விசாரித்தாள். அடுப்பை அணைத்தாள்.

பிறகு எனக்குக் காப்பி கொண்டுவந்தாள். டம்ளரை நீட்டியவள் நிறுத்தினாள். என் முகத்தையே பார்த்தாள், எங்கோ பார்த்த ஊரின் பெயரைத் தேடுகிற மாதிரி. பிறகு திரும்பி, “பேச்சி, இத ஐயாட்ட குடு” என்றாள்.

மத்தியானம் வரை அப்படித்தான். சாயங்காலம் மறுபடி அத்தான் என்றாள்.

மருந்து வேலை செய்கிறது.

நவம்பர் 26, புதன்

நிலைமையை உள்ளபடி எழுதிப் பார்க்கிறேன். உலகம்மாள் என்னோடு பேசுவது, பேசக்கூடாது என்பதை அவள் மறந்துவிட்டதால். நினைவு திரும்பினால் அதுவும் திரும்பும். நொதித்த சோற்றுக்கு எதைத் திருப்பிக் கொடுப்பது, எதை விட்டுவிடுவது என்ற பாகுபாடு தெரியாது.

காரணத்தை எழுதவில்லை என்று முதல் நாள் எழுதினேன். எழுத முடியாது. எனக்குத் தெரியாது. அப்போது இரண்டு நாளில் சரியாகிவிடும் என்று இருந்தேன். ஒரு மாதம் கழித்துக் கேட்டால், காரணமே தெரியாமல் ஒரு மாதம் இருந்தீர்களா என்பாள். அது இரண்டாவது குற்றமாகிவிடும். ஒரு வருஷம் கழித்துக் கேட்பதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். ஊகங்கள் உண்டு. பேரனுக்குப் பெயர் வைக்கிற அன்று அவள் தம்பி பாடிய பாட்டைப் பற்றி நான் சொன்ன ஒரு வார்த்தை. அவளுடைய பழைய நிலப்படப் புத்தகங்களைப் பழைய பேப்பரோடு போட்டது. தென்காசிக் கல்யாணத்துக்கு அவளைத் தனியாக அனுப்பியது. எதுவாகவும் இருக்கலாம். இவை எல்லாமாகவும் இருக்கலாம்.

உலகத்தில் அதைத் தெரிந்தவள் ஒருத்தி. அவள் நினைவோடு அது போய்க்கொண்டிருக்கிறது. சார்பதிவாளர் அலுவலகத்தில் இதை வில்லங்கம் தானாகத் தீர்வது என்போம்.

நவம்பர் 28, வெள்ளி

விஞ்ஞானத்தில் ஒப்பிட்டுப் பார்ப்பது முக்கியம். ஒரு பொருளைக் கொடுத்தால் என்ன ஆகிறது என்று அறிய, கொடுக்காவிட்டால் என்ன ஆகிறது என்றும் அறிய வேண்டும். இன்று புதுச்சோற்றைத் தண்ணீரில் ஆற வைத்து, எலுமிச்சை பிழிந்து, மோர் ஊற்றிக் கொடுத்தேன். வித்தியாசம் தெரியவில்லை. உண்மையான பழையதை நான் தின்றேன். வீணாகக் கூடாது.

மழை. ஊசிக்கு அடுத்த வாரம் போகலாம்.

டிசம்பர் 3, புதன்

மழை விடவில்லை. இந்த மழையில் அவளை ஆட்டோவில் ஏற்றுவது புத்திசாலித்தனம் அல்ல. ஜலதோஷம் பிடித்தால் அது வேறு தொல்லை.

பேசிக்கொண்டே இருக்கிறாள். இன்று நான் ஏதோ சொன்னதற்குச் சிரித்தாள். பேச்சியம்மாள் வேலையை விட்டுவிட்டு அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

“என்ன ஐயா, அம்மாட்ட பேசுதீங்க” என்றாள் தனியாக.

“பேசக்கூடாதா?”

“பேசலாம். எனக்குத்தான் வேல கொறஞ்சு போச்சு” என்றாள். பிறகு, “அம்மா நேத்து என்னய எம்பேரு என்னன்னு கேட்டாவ” என்றாள்.

மனிதர்களுக்குப் பெயர் மறப்பது சகஜம்.

டிசம்பர் 8, திங்கள்

சங்கரிக்கு அனுப்பியது: “பேச்சு நன்றாகக் கூடியிருக்கிறது.”

சங்கரி: “சூப்பர்ப்பா. ஊசி போட்டாச்சா?”

நான்: “இங்கே நல்ல மழை.”

டிசம்பர் 14, ஞாயிறு

இன்று வீட்டுக்கு ஒருவர் வந்துபோனார்.

நான் காலையில் கடைக்குப் போய்விட்டுத் திரும்பி வந்து, முன்னறை நாற்காலியில் உட்கார்ந்தேன். உலகம்மாள் உள்ளேயிருந்து வந்தாள். என்னைக் கண்டதும் முந்தானையைச் சரிசெய்துகொண்டு, இரண்டு கையையும் கூப்பினாள்.

“வாங்க. ரொம்ப நேரமாச்சா? அவுக வெளிய போயிருக்காவ. இப்ப வந்துருவாவ.”

நானும் எழுந்து கையைக் கூப்பினேன்.

“பத்திரம் விசயமா வந்தீங்களோ? வீட்டுல வச்சுப் பாக்க மாட்டாவ. ஆபீசுக்குத்தான் போகணும். இருங்க, காப்பி குடிச்சிட்டுப் போங்க.”

காப்பி வந்தது. வெள்ளி டம்ளர். அதை விருந்தாளிக்குத்தான் எடுப்பாள். நான் அதில் குடித்ததே இல்லை. சர்க்கரை அளவாக இருந்தது. எந்த ஊர் என்று கேட்டாள். பாளையங்கோட்டை என்றேன். “அப்ப நம்ம ஊருதான்” என்று சந்தோஷப்பட்டாள். எதிரே உட்கார்ந்து, மழையைப் பற்றி, வாய்க்கால் உடைந்ததைப் பற்றி, மிக மரியாதையாகப் பேசினாள்.

வந்தவர் ஒரு கேள்வி கேட்டார். நான்தான் கேட்டேன், ஆனால் வந்தவராகத்தான் கேட்டேன். “சார் வீட்டுல எப்படி? உங்ககூட நல்லா பேசுவாரா?”

உலகம்மாள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். முகத்தில் இருந்த உபசாரம் போய்விட்டது.

“அது வீட்டு விசயம்லா” என்றாள்.

அவள் தன் வகுப்பில் சத்தம் போட்ட பிள்ளையை அப்படித்தான் பார்த்திருப்பாள். வந்தவர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து அவளே, வந்தவரைச் சங்கடப்படுத்திவிட்டோமே என்று நினைத்தாளோ என்னவோ, “நல்ல மனுசந்தான். கேட்டா செய்வாவ. நாளைக்கு ஆபீசுல போய்ப் பாருங்க” என்றாள்.

நான் டம்ளரைக் கீழே வைத்து, வருகிறேன் என்று சொல்லி, செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே போனேன். தெரு முனை வரை நடந்தேன். மழை பிடித்துக்கொண்டது. குடை எடுக்கவில்லை, விருந்தாளி குடையோடு வரவில்லை. கொஞ்சம் நின்றுவிட்டுத் திரும்பி வந்து, கேட்டைச் சத்தமாகத் திறந்தேன்.

“அத்தான், நனைஞ்சிட்டீங்களே” என்று துண்டு கொண்டுவந்தாள். “உங்களத் தேடி ஒருத்தர் வந்தாவ. வீட்டுல பாக்க மாட்டாவன்னு சொல்லிட்டேன். பாவம், நல்ல மனுசன். முகம் வாடிப் போச்சு.”

தலையைத் துவட்டிக்கொண்டேன்.

டிசம்பர் 15, திங்கள்

நல்ல மழை. ஆட்டோவில் போய் ஊசி போட்டு வந்தோம்.

டிசம்பர் 16, செவ்வாய்

இனி ஒவ்வொரு வாரமும் தவறக்கூடாது என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொன்னதை நேற்று எழுதவில்லை. எத்தனை வாரம் விட்டது என்று கேட்டார். நான் மழையைச் சொன்னேன். அவர் சன்னலைப் பார்த்தார். நேற்றும் மழைதான்.

சட்டியை வெயில் இல்லாததால் அடுப்புப் பக்கம் வைத்தேன். குளிர்காலத்தில் நொதிக்க நேரம் பிடிக்கிறது. முந்தின நாள் நீரில் ஒரு கரண்டி எடுத்து வைத்து, அடுத்த சட்டியில் ஊற்றினால் சரியாக வருகிறது. எலுமிச்சம்பழம் வாங்குவதை நிறுத்திவிட்டேன்.

டிசம்பர் 22, திங்கள்

ஊசி. பழையது. நடை.

டிசம்பர் 29, திங்கள்

ஊசி. பேச்சியம்மாளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, பாத்திரத்தில் சோப்பு போகவில்லை என்று திட்டினாள். பேச்சியம்மாள் திட்டு வாங்கிக்கொண்டு சிரித்தாள்.

ஜனவரி 8, வியாழன்

வியப்பாக இருக்கிறது. எல்லாம் திரும்புகிறது. கிழமை, கேஸ், சங்கரியின் கடைசிப் பையனுடைய பிறந்தநாள். நேற்று உலகப் படத்தை மேசையில் விரித்து வைத்துக்கொண்டு தலைநகரங்களைச் சொல்லிப் பார்த்தாள். நான் புத்தகம் வைத்துச் சரிபார்த்தேன். ஆப்பிரிக்காவில் மட்டும் இரண்டு மூன்றில் தடுமாறினாள். எனக்கு ஆப்பிரிக்காவே தடுமாறும்.

சோற்றின் வேலையா, ஊசியின் வேலையா என்று தெரியவில்லை. ஓட்டல்காரரைக் கேட்டால் சோறு என்பார். மருத்துவரைக் கேட்டால் ஊசி. இருவரையும் கேட்கவில்லை.

ஆனால் என்னோடு தொடர்ந்து பேசுகிறாள். அந்தக் கோபம் மட்டும் திரும்பவில்லை. அப்படியே விட்டுவிட்டாலும் ஆட்சேபணை இல்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

ஜனவரி 15, வியாழன்

பொங்கல். சங்கரி, மாப்பிள்ளை, பையன்கள் எல்லாரும் வந்திருக்கிறார்கள். உலகம்மாள் பானைக்கு மஞ்சள் கட்டினாள். நான் கரும்பு வெட்டினேன். “அத்தான், கைய வெட்டிராதீங்க” என்றாள்.

சங்கரி பானையைக் கிண்டிக்கொண்டிருந்தவள் அகப்பையோடு நின்றுவிட்டாள். “என்னம்மா, அப்பாகூட பேசுற. கோவம் போயிட்டா?”

“என்ன கோவம்?” என்றாள் உலகம்மாள்.

பொங்கல் பொங்கிவிட்டது. எல்லாரும் சத்தம் போட்டோம்.

ஜனவரி 17, சனி

அவர்கள் கிளம்பிப் போனார்கள். மத்தியானம் கொல்லைப்பக்கம் படியில் உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். நான் துணி எடுக்கப் போனேன்.

“நான் உங்ககூட பேசதில்லையாமே” என்றாள்.

“ஆமா.”

“எம்புட்டு நாளா?”

“மூத்தவன் பொறந்ததுலேருந்து.”

“அவன் மீச வச்சிருக்கான்.”

“ஆமா.”

மொச்சையை உரிப்பதை நிறுத்தவில்லை. “சங்கரிட்ட கேட்டேன். அவளுக்குத் தெரியலன்னு சொல்லுதா. என்னத்துக்கு அத்தான்?”

மூன்று ஊகங்கள் என்னிடம் தயாராக இருந்தன. எதைச் சொல்லியிருந்தாலும் நம்பியிருப்பாள். தம்பியின் பாட்டைச் சொன்னால் இதுக்கா என்று சிரித்திருப்பாள்; அன்றோடு முடிந்திருக்கும். ஆனால் பத்திரம் எழுதிக் கொடுக்கிறவர் நல்ல நினைவோடும் சுயபுத்தியோடும் இருந்தால்தான் கையெழுத்துக்கு மதிப்பு. பொய்யான விவரத்தைக் காட்டி வாங்கிய கையெழுத்தைப் பதிவு செய்யக்கூடாது. இதை நான் எத்தனையோ பேரிடம் சொல்லித் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

“எனக்குத் தெரியாது” என்றேன்.

“மறந்துட்டீங்களா?”

“இல்ல. அப்பவே தெரியாது.”

“கேக்கலையா?”

“ரெண்டு நாள்ல சரியாயிரும்னு இருந்தேன்.”

“சரி. அதுக்குப் பொறவு?”

“பொறவு கேட்டா, இவ்வளவு நாளும் தெரியாமத்தான் இருந்தீங்களான்னு நீ கேப்பேன்னு...”

“கேட்டிருப்பேன்” என்றாள்.

சுளகிலிருந்த மொச்சையை ஒரு பக்கமாக ஒதுக்கினாள். நான் துணிகளை வைத்துக்கொண்டு நின்றேன்.

“காரணம் தெரியாம கோவத்த எப்படி விடது?” என்றாள், நியாயமாக.

“விட வேண்டாம்.”

“பழசு என்னன்னு எனக்கு வரல. யோசிச்சுப் பாத்துட்டேன். ரொம்பச் சின்னதாக்கூட இருக்கலாம். ஆனா ஒருத்தி இத்தன வருசம் வாயத் தொறக்காம ஒரே வீட்டுல நடமாடுதா. எதுக்குன்னு ஒரு வார்த்த கேக்கல. இது சின்னதில்ல அத்தான்.”

சுளகை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

சாயங்காலம் நடக்கக் கூப்பிட்டேன். முன்னறையைப் பார்த்து, “இந்த வீட்டுல யாராவது கொல்லக் கதவச் சாத்துனா தேவல” என்றாள்.

ஜனவரி 18, ஞாயிறு

காலையில் சீக்கிரமே எழுந்து சட்டியைத் திறந்து, சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டு, அடுப்படி வாசலில் நின்றேன். நேற்று நடந்தது ராத்திரியோடு போயிருந்தால் அத்தான் என்பாள். போகாமல் இருந்தால் சொல்ல மாட்டாள். இதில் எது நடக்க வேண்டும் என்று என்னை யாராவது கேட்டிருந்தால் உடனே சொல்லியிருக்க முடியாது.

எழுந்து வந்தாள். என்னைப் பார்த்தாள். நன்றாகத் தெரிந்து பார்த்தாள். கடந்து போய், ஒரு வாய் தின்று பார்த்துவிட்டு, “பேச்சி, ஐயாட்ட சொல்லு, உப்பு கூடிட்டு” என்றாள்.

பேச்சியம்மாள் என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன்.

ஜனவரி 27, செவ்வாய்

மருத்துவரிடம் போனோம். கிழமை, மாடி, கழித்தல் எல்லாம் சரி. கழித்தலில் அவரைவிட வேகமாக இருந்தாள். ஆரம்பத்தில் பார்த்ததற்கு நல்ல முன்னேற்றம், விடாமல் தொடர வேண்டும் என்றார். முழுக்கச் சரியாகிவிடும் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

“வீட்டுல எல்லார்கூடயும் நல்லா பேசுறீங்களாம்மா?”

“பேச வேண்டியவுககூட பேசுதேன்” என்றாள்.

மருத்துவர் அதையும் குறித்துக்கொண்டார்.

திரும்பும்போது ஆட்டோவில் இருவரும் இரண்டு ஓரத்தில். முருகன்குறிச்சி தாண்டும்போது, ஆட்டோக்காரரையோ பேப்பரையோ பார்க்காமல், அவளைப் பார்த்தே கேட்டேன். “எம்மேல என்ன கோவம், உலகு?”

வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆனால் கேட்டாயிற்று. கேட்பதற்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

ஜனவரி 28, புதன்

பழையது தின்றாள். கேட்டேன். பேசவில்லை.

பிப்ரவரி 2, திங்கள்

சங்கரி தொலைபேசியில் அம்மா எப்படி என்றாள்.

“நல்லா இருக்கா. எங்கூட பேசல” என்றேன்.

“பழையது நிறுத்தலையேப்பா?”

“அதெப்படி நிறுத்துவேன்” என்றேன்.

பிப்ரவரி 8, ஞாயிறு

வெயில் வந்துவிட்டது. சட்டி நன்றாக நொதிக்கிறது.

இன்றும் கேட்டேன். பேசவில்லை. நேற்றைவிடக் கொஞ்ச நேரம் கூடுதலாக யோசித்துவிட்டுப் பேசாமல் போனாள்.